ஒன்றாம் வகுப்பு ஆசிரியராக வேண்டுமா? டி.எல்.எட்., பி.எட். ஒப்பீடு

தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக வேண்டும் என்று ஒரு பிள்ளை சொன்னால், வீட்டில் கிடைக்கும் முதல் யோசனை "டிகிரி முடி, அப்புறம் பி.எட். சேர்" என்பதுதான். டி.எல்.எட். என்ற தொடக்கக் கல்விப் பட்டயத்தைவிட, பி.எட். என்ற கல்வியியல் பட்டம் பெரிது என்ற எண்ணம் அது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பாடம் எடுப்பதுதான் ஆசை என்றால், அந்த யோசனையைக் கேட்டால் ஐந்து ஆண்டுகள் படித்துவிட்டுத் தகுதி இல்லாமல் நிற்க வேண்டியிருக்கும்.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2018 ஜூனில் பி.எட். முடித்தவர்களையும் தொடக்க வகுப்புகளுக்கு அனுமதித்தது. பணியில் சேர்ந்தபின் ஆறு மாத இணைப்புப் பயிற்சி முடித்தால் போதும் என்றது. 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. இப்போது ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்குப் புதிதாக வருபவரிடம் பி.எட். மட்டும் இருந்தால் போதாது. பழைய அறிவிப்பை நம்பி எழுதப்பட்ட குறிப்புகள் இன்னும் சுற்றிக்கொண்டிருப்பதால், பலர் கல்லூரியில் பணம் கட்டிய பிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

இந்தத் தீர்ப்பு நியாயமானது என்றே சொல்வோம். 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு குழந்தை 35 என்று எழுதுகிறது. விடை தவறு என்பது யாருக்கும் தெரியும். ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறது, அதாவது இடமதிப்பு அதற்கு இன்னும் பிடிபடவில்லை என்று கண்டுபிடித்து, பத்துக் குச்சிக் கட்டுக்குத் திரும்பிப் போவது தனிப் பயிற்சி. டி.எல்.எட். இரண்டு ஆண்டும் இதைச் சுற்றியே நடக்கிறது: எழுத்து அறிமுகம், எண் அறிமுகம், தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் எல்லாவற்றையும் ஒரே ஆள் கற்பிப்பது. பி.எட். மாணவர் தன் பட்டப்படிப்புப் பாடத்தைப் பெரிய வகுப்புகளுக்கு எப்படி எடுப்பது என்று கற்கிறார். இரண்டிலும் பள்ளியில் களப்பயிற்சி ஏறத்தாழ 20 வாரம்தான். எந்த வயதுக் குழந்தைகளோடு என்பதில்தான் வேறுபாடு.

பள்ளி நிலவரத்தையும் பார்க்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து! ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்த வேண்டும். தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அதே அறைக்குள் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று கற்றல் நிலைகளுக்கும் தனித்தனி வேலை கொடுக்க வேண்டும். ஒரு பாடத்தில் மட்டும் ஆழம் உள்ளவர் இங்கே முதல் மாதமே திணறுவார்.

காலக் கணக்கு எளிது. பிளஸ் டூவுக்குப் பின் டி.எல்.எட். இரண்டு ஆண்டு; பட்டமும் பி.எட்.டும் சேர்த்து ஐந்து. டி.எல்.எட்.டுக்கு பிளஸ் டூவில் பொதுப்பிரிவினர் 50 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை உண்டு. அரசு மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் இடம் கிடைத்தால் யோசிக்காமல் சேரலாம். தனியார் நிறுவனம் என்றால், தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் நீங்கள் சேரும் ஆண்டுக்கு நடப்பில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கட்டணம் கட்டுங்கள்.

தேர்விலும் பாதை பிரிகிறது. டி.எல்.எட். முடித்தவர் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளை எழுதுவார்: குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல், ஒவ்வொன்றிலும் 30 கேள்விகள். பி.எட்.காரருக்கு இரண்டாம் தாள். அதில் கணக்கும் அறிவியலும் சேர்ந்தோ, சமூக அறிவியலோ 60 கேள்விகள். இரண்டும் 150 மதிப்பெண். பொதுப்பிரிவுக்குத் தேர்ச்சி 90. முதல் தாளில் குழந்தை மேம்பாட்டில் தடுக்கி விழுபவர்களும் உண்டு. வரையறைகளை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். கேள்வியோ "இந்தக் குழந்தை இப்படிச் செய்தால் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்" என்று வரும்.

தகுதித் தேர்வில் தேறினாலே வேலை என்று நினைத்துவிடாதீர்கள். 2018-இல் வந்த அரசாணை 149-இன்படி அரசுப் பள்ளி நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு உண்டு. இடைநிலை ஆசிரியர்களுக்கு, அதாவது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எடுப்பவர்களுக்கு, அது 2024 ஜூலையில் நடந்தது. அதிலும் தமிழ் தகுதித் தாளில் தேறாவிட்டால் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள்.

பி.எட். பக்கம் உள்ள பெரிய ஈர்ப்பு சம்பளம். அதை மறைத்துப் பேசுவது சரியல்ல. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 20,600–75,900 ரூபாய் ஊதிய நிலை. பி.எட். முடித்து வரும் பட்டதாரி ஆசிரியருக்கு 36,400–1,15,700. சின்னக் குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்கிறவருக்கு இவ்வளவு குறைவாகக் கொடுப்பது எங்களுக்கு ஏற்புடையதல்ல. ஆனாலும் குடும்பச் சுமை உள்ளவர் இந்த இடைவெளியைக் கணக்கில் எடுத்தே முடிவெடுக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒரு வழி, டி.எல்.எட். முடித்துவிட்டுப் பட்டம் பெறுவது. தேசிய விதிப்படி பட்டமும் டி.எல்.எட்.டும் இருந்தால் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கும் அடிப்படைத் தகுதி வந்துவிடும். தகுதித் தேர்வின் இரண்டு தாள்களையும் எழுதலாம். ஒன்பது, பத்தாம் வகுப்புக்குப் போகத்தான் பி.எட். தேவை. எந்த வயதுக் குழந்தைகள் என்று இன்னும் தெளிவில்லாதவருக்கு இந்த வரிசையையே பரிந்துரைப்போம், ஏனென்றால் இதில் எந்தக் கட்டத்தில் நின்றாலும் ஒரு வேலைக்கான தகுதி கையில் இருக்கும். ஒரு பாடத்தின் மேல் தீராத பற்று, பதின்ம வயதுப் பிள்ளைகளோடு பேசுவதில் விருப்பம் என்றால் மட்டும் நேராகப் பி.எட்.