கொழும்பு போய் வந்த பிலிம் றோல்

பலெர்மோவிலிருந்து ஐந்து வார விடுமுறையில் யாழ்ப்பாணம் போய் வந்தேன். வங்கி, அடையாள அட்டை, காணி உறுதி என்று பயந்து கொண்டு போன அலுவல்கள் எல்லாம் ஒழுங்காகவே முடிந்தன. என்னை எழுத வைத்தது ஒரு பிலிம் றோல்.

பழைய இத்தாலியக் கமராக்களைச் சேர்ப்பவன் நான். மிலானோவில் செய்யப்பட்ட பென்சினி கொமெற்றுக்கு வேண்டிய 127 என்ற அளவுப் பிலிமை இன்று இத்தாலியிலேயே தேடித்தான் பிடிக்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்குப் பெயர் போன டுக்காட்டி இரண்டாம் உலகப் போருக்குப் பின் செய்த சோஞ்ஞோ கமராவுக்கோ அதற்கென்றே தனிப் பிலிம் கூடு தேவை (அதை வாங்கும் வசதியும் எனக்கில்லை). ஆகவே பிளோரன்ஸின் ஒஃபிச்சீனே கலிலேயோ செய்து, ஃபெரானியா விற்ற கொண்டோரையே பையில் வைத்தேன். அதற்குச் சாதாரண 35 மி.மீ. றோல் போதும், அதை எந்த ஸ்ரூடியோவிலும் கழுவலாம் என்று நம்பினேன்.

நகரில் இன்னும் றோல் எடுக்கும் ஒரு ஸ்ரூடியோவைக் கண்டுபிடித்து, அம்மம்மாவும் அவருடைய மாட்டுக் கொட்டிலும் பதிந்திருந்த இல்ஃபர்ட் எச்பி5 றோலைக் கொடுத்தேன். “கறுப்பு வெள்ளை. கலர் மருந்தில் போட வேண்டாம்” என்று ஒரு தாளில் பெரிதாக எழுதியும் கொடுத்தேன். மேசையில் நின்ற பொடியன் தலையாட்டினான். றோல் கொழும்புக்குப் போய்த்தான் வருமாம். ஒன்பது நாளில் வந்தது, கண்ணாடி போலத் தெளிவாக.

“அண்ணை, ஒண்டும் விழேல்லை. கமரா பழசெல்லோ?”

எனக்கு ஏறிய கோபத்தில் பலெர்மோவின் கடைகள் எல்லாம் சொர்க்கமாகத் தோன்றின. அங்கும் றோலை வெளியூருக்குத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் கறுப்பு வெள்ளையா என்று கேட்டு உறையின் மேல் குறித்த பிறகே அனுப்புவார்கள். கமராவில் பிழை இருந்திருந்தால், படம் விழாவிட்டாலும், தொழிற்சாலையிலேயே ஓரத்தில் பதிக்கப்பட்ட இல்ஃபர்ட் என்ற எழுத்தும் இலக்கங்களும் தெரிந்திருக்க வேண்டும். அவையும் இல்லை. கலர் பிலிமில் படத்தைத் தாங்குவது சாயம் என்பதால், அதற்கான மருந்து கடைசியில் வெள்ளியை முழுவதும் கரைத்து அகற்றிவிடும். கறுப்பு வெள்ளையில் வெள்ளிதான் படம், அது போனால் மிஞ்சுவது வெறும் பிளாஸ்டிக். இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் என் கையெழுத்துத் தாள் கண்ணில் பட்டது. அது கடையின் பில் புத்தகத்திலேயே குண்டூசியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வயதான முதலாளி வந்தார். பிலிமை ரியூப் லைற்றுக்கு நேரே பிடித்த மறுகணமே அவருக்கு விளங்கிவிட்டது. பொடியனை அவர் ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. பிறகு கொண்டோரைக் கேட்டு வாங்கி, காதருகே வைத்து, ஒளியை உள்ளே விடும் ஷட்டரை ஒவ்வொரு வேகமாகத் தட்டிக் கேட்டார்.

“மெதுவான வேகத்திலை கொஞ்சம் இழுக்குது தம்பி. எண்ணெய் இறுகிப்போச்சு.”

எழுபது ஆண்டு தாண்டிய ஷட்டர். இத்தாலியில் எனக்கு அதை விற்றவர் எல்லாம் சரி என்று சத்தியம் செய்திருந்தார். ஐயா காசு வாங்கவில்லை. கமராவில் அப்போது ஃபெரானியாவின் பி30 என்ற கறுப்பு வெள்ளை றோல் கிடந்தது. திரைச்சீலைக்கு முன்னால் என்னைக் கதிரையில் இருத்தி, “நாடியைக் கொஞ்சம் உயர்த்துங்கோ” என்று, ஊரிலே எல்லாருடைய அடையாள அட்டைப் படத்துக்கும் சொன்ன அதே குரலில் சொல்லிவிட்டு ஒன்றைத் தட்டினார்.

அந்த றோலை நான் அங்கே ஒருவரிடமும் கொடுக்கவில்லை. பலெர்மோவுக்கு வந்து குளியலறையில் நானே கழுவினேன். திரைச்சீலையின் பூக்கள் துல்லியமாக விழுந்திருக்கின்றன. மூச்சை அடக்கத் தெரியாமல் இருந்த என் முகம் மட்டும், அவர் சொன்னபடியே ஷட்டர் இழுத்ததில், கலங்கியிருக்கிறது.