தனியாகப் பணி செய்யும் சமூகப் பணியாளர் எந்தக் குழுவில் சேரலாம்?

நிறுவன வேலையை விட்டுத் தனியாக ஆலோசனை அறை தொடங்கிய முதல் மாதத்திலேயே ஒரு விஷயம் எனக்குப் பிடிபட்டது. நிறுவனத்தில் கஷ்டமான ஒரு சந்திப்பு முடிந்ததும் பக்கத்து மேசையைப் பார்த்து "ஒரு நிமிஷம் வர்றீங்களா" என்று கேட்க முடிந்தது. இங்கே பக்கத்து மேசையே கிடையாது. ஒருவர் அழுதுவிட்டு எழுந்துபோன நாற்காலியில் இன்னும் பத்து நிமிடத்தில் அடுத்தவர் வந்து உட்காருவார். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாதோ, அவசரப்பட்டுவிட்டேனோ என்று யாரிடமும் கேட்க முடியாது. வீட்டிலும் சொல்ல முடியாது, ரகசியம் காப்பது நம் கடமை. கதவைத் திறந்து அடுத்தவரைக் கூப்பிட வேண்டியதுதான்.

அதனால்தான் தனியாகப் பணி செய்கிற நாம் எல்லோரும் ஏதாவது ஒரு குழுவைத் தேடுகிறோம். தேடும்போது இரண்டு தேவைகளை ஒரே பையில் போட்டுக்கொள்கிறோம். ஒன்று, கேஸ் பற்றிய சந்தேகத்தையும் மனச்சுமையையும் இறக்கிவைக்க ஓர் இடம். இன்னொன்று, நம்மிடம் ஆட்களை அனுப்பிவைக்கும் தொடர்புகள். இரண்டும் ஒரே குழுவில் கிடைத்தால் நன்றாக இருக்குமே என்று நானும் நினைத்தேன். வெவ்வேறு குழுக்களில் இருந்து பார்த்த பிறகு இப்போது அப்படி நினைக்கவில்லை. ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நூற்றுக்கணக்கானோர் இருக்கும் பெரிய குழு

வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ சில நூறு பேர் இருக்கும் குழுக்கள். சேர்வது எளிது, யாராவது ஒருவர் இணைப்பு அனுப்பினால் போதும். "வளரிளம் பருவத்தினருடன் வேலை செய்பவர், சனிக்கிழமை நேரம் கொடுக்கக்கூடியவர் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டால் அரை மணி நேரத்தில் நான்கு பெயர்கள் வந்துவிடும். கடைசி நேரத்தில் சந்திப்பை ரத்து செய்பவர்களிடம் கட்டணம் வாங்கலாமா, குறிப்பேடுகளை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும், ஒப்புதல் படிவத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது போன்ற கேள்விகளுக்கும் இதைவிட வேகமான இடம் கிடையாது.

இதற்கு ஒரு காரணமும் உண்டு. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் எழுதிய புகழ்பெற்ற ஒரு கட்டுரையில், புதிய வேலை பற்றிய செய்தி பெரும்பாலும் நெருங்கிய நண்பர்களிடமிருந்து வருவதில்லை, எப்போதாவது பார்க்கும் அறிமுகங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டினார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்தில் இருப்பவர்தான் புதுச் செய்தி கொண்டுவருகிறார். நம் தொழிலில் ஆட்கள் வந்து சேரும் வழியும் ஏறக்குறைய இதுதான்.

ஆனால் கேஸ் பேச இது இடமில்லை. நான் இருந்த ஒரு குழுவில் ஒருவர் உண்மையான அக்கறையோடுதான் எழுதினார்: நாற்பதைத் தாண்டிய ஆசிரியை, இரண்டாவது திருமணமும் முறிந்துவிட்டது, மகன் பள்ளிக்குப் போக மறுக்கிறான், நான் என்ன செய்யட்டும்? பெயர் இல்லை, ஊர் இல்லை. இரண்டு நிமிடத்தில் இன்னொருவர் அவருக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார்: "இவங்க என் அக்காவோட வேலை செய்றவங்களா?" பதறிப்போய் அவர் பதிவை அழித்தார். அழித்து என்ன பயன்? அதற்குள் எத்தனை பேர் படித்தார்களோ, யாருக்கும் தெரியாது. அமெரிக்காவின் தேசியச் சமூகப் பணியாளர் சங்கத்தின் நெறிமுறைத் தொகுப்பு, சக பணியாளரிடம் ஆலோசனை கேட்கும்போது அதற்குத் தேவையான மிகக் குறைந்த தகவலை மட்டுமே சொல்ல வேண்டும் என்கிறது. முன்னூறு பேரிடம் சொல்லத்தக்க 'மிகக் குறைந்த தகவல்' எது? என்னைக் கேட்டால், ஒன்றுமே இல்லை.

கிடைக்கும் பதில்களிலும் சிக்கல் உண்டு. அந்த ஆசிரியையைப் பற்றிய கேள்விக்குப் பதில் எழுதியவர்கள் ஆளுக்கொரு திசையில் இழுத்தார்கள். கேட்டவர் எப்படி வேலை செய்பவர், எங்கே தடுமாறுவார் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஆள் அனுப்பிவைக்கும் வணிகக் குழு

வக்கீல், கணக்காளர், காப்பீட்டு முகவர் என்று பல துறைக்காரர்கள் வாராவாரம் கூடி ஒருவருக்கொருவர் வாடிக்கையாளர்களை அனுப்பிக்கொள்ளும் அமைப்புகள் இவை. உலகம் முழுக்கக் கிளை பரப்பியிருக்கும் பிஎன்ஐ (BNI) என்ற அமைப்பு 1985-ல் தொடங்கியது. ஒரு கிளையில் ஒரு தொழிலுக்கு ஒருவர்தான் உறுப்பினராக இருக்கலாம் என்பது அதன் விதி. அதாவது அங்கே சேர்ந்தால் போட்டிக்கு இன்னொரு ஆலோசகர் இருக்க மாட்டார். நம்மைப் பற்றி ஒரு நிமிடத்தில் தெளிவாகச் சொல்லக் கற்றுக்கொள்வதும் நல்ல பயிற்சிதான். எனக்கு அதுவே வராமல் இருந்தது.

ஆனால் வணிகத்துக்கென்று செய்த சட்டை நம் தொழிலுக்கு இடுப்பில் இறுக்குகிறது. ஒரு கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எல்லோர் முன்னிலையிலும் ஒருவர் கேட்டார்: "போன வாரம் ஒரு குடும்பத்தை உங்ககிட்ட அனுப்பினேனே, வந்தாங்களா?" நல்ல மனதோடு கேட்டதுதான். கணக்காளருக்கு அது சாதாரணக் கேள்வி, வந்தார்கள் நன்றி என்று சொல்லிவிடலாம். நமக்கோ 'ஆமாம்' என்றாலே ரகசியம் உடைந்துவிடும். 'சொல்ல முடியாது' என்றேன். அறையில் ஒரு சங்கடமான அமைதி. அவருக்கு மனம் கோணிவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது.

இன்னொன்று அதைவிட முக்கியம். நமக்கு ஆள் அனுப்பியவருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற அழுத்தம் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே வந்துவிடும். விவாகரத்து வழக்குக்கு வக்கீல் தேடும் பெண்ணுக்குப் பொருத்தமானவரைச் சொல்கிறேனா, என் குழுவில் இருப்பவரைச் சொல்கிறேனா? அந்தப் பெண்ணுக்கு இந்தக் கணக்கு தெரியாது, என்னை நம்பித்தான் கேட்கிறார். மேலே சொன்ன அதே நெறிமுறைத் தொகுப்பு, எந்தத் தொழில்முறைச் சேவையும் செய்யாமல் ஆள் அனுப்புவதற்காக மட்டும் பணம் கொடுப்பதையும் வாங்குவதையும் தடை செய்கிறது. நன்றிக்கடன் பணமில்லைதான். ஆனால் அது மனதைச் சாய்க்கும் விதம் ஒன்றேதான் என்று எனக்குப் படுகிறது. ஓராண்டு முடிந்ததும் வெளியே வந்துவிட்டேன்.

நான்கைந்து பேர் இருக்கும் மூடிய குழு

எனக்குக் கைகொடுத்தது இதுதான். நான்கு முதல் ஆறு பேர், எல்லோரும் நம் தொழில்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒன்றரை மணி நேரம். புதிதாக ஒருவர் வர வேண்டுமென்றால் அனைவரும் சம்மதிக்க வேண்டும்.

இந்த முறைக்கு நம் தொழிலிலேயே வேர் இருக்கிறது. லண்டனில் 1948-ல் குடும்பச் சிக்கல்களுக்கான ஒரு சேவையை ஈனிட் பாலின்ட் தொடங்கினார். அங்கே சமூகப் பணியாளர்கள் கூடித் தங்கள் கேஸ்களை விவாதிப்பார்கள். பிறகு அவரும் உளப்பகுப்பாய்வாளர் மைக்கேல் பாலின்டும் சேர்ந்து 1950-களில் பொது மருத்துவர்களுக்காக இதே பாணியை வளர்த்தார்கள். இன்றைக்கு அதை 'பாலின்ட் குழு' என்கிறார்கள், மருத்துவர்களின் சொத்து என்றே பலர் நினைக்கிறார்கள். அதற்கு முதல் விதை போட்டவர்களில் சமூகப் பணியாளர்களும் உண்டு என்பது எனக்கு எப்போதும் பெருமையான விஷயம்.

நடைமுறை எளிமையானது. ஒருவர் கையில் குறிப்பு எதுவும் இல்லாமல் ஒரு கேஸைச் சொல்கிறார், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றித்தான். மற்றவர்கள் தெளிவுக்காக இரண்டொரு கேள்வி கேட்கிறார்கள். அதன் பிறகு சொன்னவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டு வாயைத் திறக்காமல் கேட்கிறார். மற்றவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள்: இதைக் கேட்டபோது எனக்கு எரிச்சல் வந்தது, எனக்கு அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் கவலையாக இருந்தது, என்று. தீர்வு சொல்வது நோக்கமில்லை. வருபவருக்கும் நமக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை.

அப்படி ஒருநாள் நான் பின்னால் நகர்ந்து உட்கார்ந்திருந்தேன். ஒருவருக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருந்ததைச் சொல்லியிருந்தேன். அவருடைய நிலைமை அப்படி என்று காரணமும் அடுக்கியிருந்தேன். குழுவில் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "அவங்களைப் பத்திச் சொல்லும்போது மட்டும் இவங்க குரல் தாழ்ந்துபோகுது. பயப்படுறாங்களோ?" எனக்குச் சுருக்கென்றது. ஆமாம், பயந்துகொண்டுதான் இருந்தேன். சந்திப்பைச் சரியான நேரத்தில் முடித்தால் அவர் கோபித்துக்கொண்டு வராமல் போய்விடுவார் என்று. அடுத்த முறை அந்தப் பயத்தைத் தெரிந்துகொண்டே அறைக்குள் போனேன். எந்தப் புத்தகத்திலும் நான் அதைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

இன்னொரு பலனும் உண்டு. 2019-ல் உலகச் சுகாதார நிறுவனம் 'பர்னவுட்' என்பதை வேலையோடு தொடர்புடைய நிலை என்று வரையறுத்து மூன்று கூறுகளைச் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி வெறுத்துப்போவது, வேலைத்திறன் குறைவது. களைப்பு நமக்கே தெரிந்துவிடும். மனம் விலகுவது மட்டும் சம்பந்தப்பட்டவருக்குக் கடைசியில்தான் தெரியும் என்பது என் அனுபவம். 'அவங்க மாறவே மாட்டாங்க' என்று மூன்றாவது முறை நீங்கள் சொல்லும்போது, முதல் இரண்டு முறையையும் கேட்டவர் எதிரே இருக்க வேண்டும். முன்னூறு பேர் குழுவில் அப்படி ஒருவர் இருக்க மாட்டார்.

குறைகளும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. நாளாக நாளாக நட்பு முற்றி, என்ன சொன்னாலும் 'நீங்க செஞ்சது சரிதான்' என்று தலையாட்டும் இடமாக மாறிவிடலாம். பேசத் தெரிந்த ஒருவரே நேரத்தையெல்லாம் எடுத்துக்கொள்ளலாம். முக்கியமாக, இது மேற்பார்வைக்கு, அதாவது அனுபவமுள்ள ஒருவர் நம் வேலையைப் பொறுப்பேற்றுக் கவனிப்பதற்கு, ஈடாகாது. சமூகப் பணி அறிஞர் ஆல்ஃபிரட் கடூஷின் மேற்பார்வையை நிர்வாகம், கல்வி, ஆதரவு என்று மூன்றாகப் பிரித்தார். சமமானவர்கள் கூடும் குழு பின்னிரண்டைத் தரும். உங்கள் வேலைக்குப் பொறுப்பேற்று 'இதை நிறுத்துங்கள்' என்று சொல்லும் அதிகாரம் அங்கே யாருக்கும் இல்லை. ஒருவரின் உயிருக்கு ஆபத்து என்று தோன்றும் இரவில் அடுத்த வாரக் கூட்டத்துக்காகக் காத்திருக்கவும் முடியாது. உடனே போன் செய்ய அனுபவமுள்ள ஒருவர் தனியாக வேண்டும். தனியாகத் தொடங்கி முதல் இரண்டு மூன்று வருடங்களில் இருப்பவர்கள், கட்டணம் கொடுத்தாவது, பயிற்சி பெற்ற ஒருவர் வழிநடத்தும் குழுவில் சேர்வதே நல்லது. தலைமை இல்லாத குழுவுக்கு அனுபவம் வந்த பிறகு போகலாம்.

சமூகப் பணியாளர்களின் தொழில்முறைச் சங்கத்தின் கிளை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சி, நெறிமுறை விளக்கம், தொழிலுக்காகக் குரல் கொடுப்பது ஆகியவற்றுக்காக உறுப்பினராக இருங்கள். வருடத்தில் சில முறை கூடும் இடத்தில் மனதை இறக்கிவைக்க முடியாது, அது அதன் வேலையும் இல்லை.

இரண்டையும் ஏன் கலக்கக் கூடாது?

முன்பு இருந்த ஒரு சிறிய குழுவில் கண்கூடாகப் பார்த்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, தடுமாற்றங்களைத் தயங்காமல் பேசினோம். அப்புறம் எங்களில் ஒருவருக்கு, வெளி ஆலோசகர்களுக்கு ஆட்களைப் பிரித்து அனுப்பும் பொறுப்பு கிடைத்தது. அடுத்த மாதத்திலிருந்து எல்லோருடைய கேஸும் நல்லபடியாக முடியத் தொடங்கியது. யாரும் பொய் சொல்லவில்லை. சொல்வதற்கு எதைத் தேர்ந்தெடுத்தோம் என்பதுதான் மாறிவிட்டது. நானும் அப்படித்தான் செய்தேன். நமக்கு வேலை தரக்கூடியவர் எதிரே இருக்கும்போது, போன வாரம் செய்த தவறு நாக்கு நுனி வரை வந்து திரும்பிப்போய்விடும்.

ஆகவே என் தேர்வு இப்படி: கேஸுக்கும் மனச்சுமைக்கும் சிறிய மூடிய குழு, தொடர்புகளுக்குப் பெரிய குழு. பெரிய குழுவில் கேஸ் பேசுவதில்லை, சிறிய குழுவில் ஒருவருக்கொருவர் ஆட்களை அனுப்பிக்கொள்வதில்லை. ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் தயங்காமல் சிறிய குழுவை எடுங்கள். தொழில் தொடங்கி மாதங்கள் ஆகியும் அறை காலியாகவே இருக்கிறது, மாதச் செலவே இடிக்கிறது என்பவர்கள் முதலில் பெரிய குழுவில் பெயரைச் சொல்லிவைப்பதில் தப்பில்லை. ஆனால் ஆட்கள் வரத் தொடங்கியதும் சிறிய குழுவைத் தேடுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நேரிலா, ஆன்லைனிலா என்பது அடுத்த கேள்வி. ஒரே அறையில் உட்காரும்போது கிடைக்கும் அமைதியை வீடியோ தருவதில்லை. ஆனால் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்களாக இருக்கும் சிறிய ஊர்க்காரருக்குத் தூரத்துக் குழுதான் பாதுகாப்பு. ஹெட்ஃபோன், பூட்டிய கதவு, பதிவு செய்வதில்லை என்ற உறுதி, இவை மூன்றும் இருக்க வேண்டும்.

சேரும் முன் அந்தக் குழுவினரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். பேசப்படும் ஆள் யாரென்று உறுப்பினர் ஒருவருக்குத் தெரிந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? எங்கள் குழுவில் அவர் உடனே சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விடுவார், அந்தக் கேஸ் முடிந்ததும் திரும்ப வருவார். இரண்டாவது, 'நீங்கள் செய்தது தவறு' என்று கடைசியாக ஒருவர் இன்னொருவரிடம் எப்போது சொன்னார், அதன் பிறகு என்ன ஆனது? இதற்குப் பதில் யோசித்தும் கிடைக்கவில்லை என்றால் அந்தக் குழுவில் நான் சேர மாட்டேன்.

பக்கத்தில் அப்படி ஒரு குழு இல்லையென்றால் நீங்களே தொடங்கலாம். மூன்று பேர் போதும். முதல் ஆறு சந்திப்புகளை மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள், ஆறாவது முடிந்ததும் தொடர்வதா வேண்டாமா என்று ஒவ்வொருவரும் வெளிப்படையாகச் சொல்லட்டும். எங்களுடையதும் அப்படித் தொடங்கியதுதான். ஆறாவது சந்திப்பில் ஒருவர் எனக்கு ஒத்துவரவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மீதி நான்கு பேர் இன்னும் கூடிக்கொண்டிருக்கிறோம்.