வகுப்புக் குரூப்: வாட்ஸ்அப்பா, டெலிகிராமா?

சித்தி மகள் பொறியியல் முதலாமாண்டு சேர்ந்திருக்கிறாள். முதல் வாரமே சிஆர், அதாவது வகுப்புப் பிரதிநிதி, ஆக்கிவிட்டார்கள். அன்று இரவே போன்: "அண்ணா, கிளாஸ் குரூப் எதுல ஆரம்பிக்கிறது?"

2021-இல் இதே வேலை என் தலையில் விழுந்தபோது நான் யோசிக்கவே இல்லை. எல்லாரிடமும் வாட்ஸ்அப் இருந்தது. 62 நம்பரையும் சேர்த்தேன், முடிந்தது. சரியாக ஒரு வருடம் கழித்து டெலிகிராமுக்கு மாறினோம். ஆகவே நான் எந்தக் கட்சி என்பதை மறைக்கப்போவதில்லை.

வழக்கமாக ஒப்பிடும் விஷயங்களைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். இரண்டும் இலவசம். இரண்டிலும் 2 ஜிபி வரை ஃபைல் போகும். நம் நோட்ஸ் பிடிஎஃப்புக்கு அதுவே கடல். வாட்ஸ்அப் குரூப்பில் 1,024 பேர், டெலிகிராமில் 2 லட்சம் பேர் இருக்கலாம். 62 பேர் வகுப்புக்கு அதனால் என்ன வந்தது? ஐவி என்கிற தொழிற்சாலைப் பயணத்துக்கு ஊட்டியா கொடைக்கானலா என்று ஓட்டெடுப்பு நடத்திச் சண்டை போட இரண்டிலும் வசதி உண்டு.

என்னை மாற வைத்தது ஒரே விஷயம்: ஒரு வருடத்துக்கு முன் போட்ட நோட்ஸ் இன்று கைக்குக் கிடைக்குமா?

மூன்றாம் செமஸ்டரில் டிப்ளமோ முடித்த ஆறு பேர் லேட்டரல் என்ட்ரியில், அதாவது நேரடி இரண்டாமாண்டுச் சேர்க்கையில், வந்தார்கள். பட்டறையில் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள். கணக்குதான் இடித்தது. முதலாமாண்டுக் கணக்கே எழுதாமல் நேரே எம்-த்ரீ என்கிற மூன்றாம் செமஸ்டர் கணக்கில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். "எம்-ஒன்னே படிக்காம எம்-த்ரீ எப்படி மாப்ள எழுதுறது? அந்த இன்டக்ரேஷன் நோட்ஸ் மட்டும் அனுப்பேன்" என்று ஒருவன் கேட்டான். குரூப்பில் சேர்த்தாயிற்று, மேலே போய் எடுத்துக்கொள் என்றேன். அவனுக்கு மேலே ஒன்றுமே இல்லை. வாட்ஸ்அப்பில் அன்றைக்கு, சேர்ந்த நொடியிலிருந்து வருவதுதான் தெரியும்.

சரி, நானே தேடி அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். "இன்டக்ரேஷன்" என்று தேடினால் ஃபைல் வரவில்லை, அதைப் பற்றி நாங்கள் அடித்த அரட்டைதான் வந்தது. ஃபைலின் பெயர் டாக்-20220211-டபிள்யூஏ0014 என்பதுபோல இருந்தது, அப்படி நாற்பது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து வேண்டியதைக் கண்டுபிடித்தபோது, அதைத் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேளுங்கள் என்று போன் சொன்னது. இடம் போதவில்லை என்று நான்தான் எப்போதோ அழித்திருக்கிறேன். போட்டவளிடம் கேட்டால் அவளும் போன் மாற்றிவிட்டாள். கடைசியில் விடுதியில் ஒருவனுடைய 64 ஜிபி போனில் அந்த பிடிஎஃப் கிடைத்தது. அவன் சோம்பேறி, எதையும் அழிப்பதில்லை. வகுப்பு மொத்தத்துக்கும் அவன் சோம்பல்தான் நூலகம்.

காரணம் எளிது. வாட்ஸ்அப்பில் ஃபைல் நம் போனில்தான் வாழ்கிறது. சர்வர் வெறும் தபால்காரர், கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டுக் கழித்துவிடும். டெலிகிராமில் அது சர்வரிலேயே இருக்கும். போனில் இறங்கிக் கிடக்கும் நகல்களை (கேஷ்) மொத்தமாக அழித்தாலும் குரூப்பில் தொட்டால் மறுபடி இறங்கும். பழைய செய்தியைக் காட்டும் அமைப்பைப் போட்டுவிட்டால் புதிதாகச் சேர்பவனுக்கு முதல் நாள் முதல் எல்லாம் தெரியும். ஃபைல்களுக்குத் தனிப் பக்கம் உண்டு, போட்ட பெயரிலேயே தேடலாம். நாங்கள் எம்1, எம்3 என்று ஹேஷ்டேக் போட்டுவைத்தோம். தேர்வுக்கு முந்தின இரவு பதினோரு மணிக்கு "மச்சி, யூனிட் ஃபோர் டூ மார்க்ஸ் இருக்கா" என்று வரும் செய்திகள் ஏறக்குறைய நின்றுபோயின. பேக்கப் தலைவலியும் இல்லை. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் 2024 முதல் கூகுளின் இலவச 15 ஜிபிக்குள் சேர்ந்துவிட்டது. நாலு வருட அரட்டையும் கல்யாண வீடியோவும் அதைத் தின்றுவிட்டால் மெயில் வருவதே நின்றுவிடும்.

இன்னொன்று, பெண்கள் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. மூன்று கல்லூரி சேர்ந்து நடத்திய ஒரு பயிற்சிக்கு வாட்ஸ்அப் குரூப் போட்டார்கள். எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரிந்தது. அன்றிரவே எங்கள் வகுப்புத் தோழிக்கு முகம் தெரியாத இரண்டு பேரிடமிருந்து "ஹாய்". டெலிகிராமில் நம் காண்டாக்டில் இருப்பவர்களுக்குத்தான் நம்பர் தெரியும். அவர்களுக்கும் தெரியக்கூடாது என்றால் செட்டிங்ஸில் போய் நாமேதான் மறைக்க வேண்டும்.

வாட்ஸ்அப் பக்கமும் நியாயம் இருக்கிறது. அது 2016-லிருந்தே முழுக்கப் பூட்டிய உறை, நடுவில் யாரும் படிக்க முடியாது. டெலிகிராம் குரூப்புக்கு அந்தப் பூட்டு கிடையாது. சீக்ரெட் சாட் என்று இருவர் மட்டும் பேசுவதற்குத்தான் உண்டு. சர்வரில் கிடப்பதுதான் வசதி, அதுவே குறையும். நோட்ஸை யார் படித்தால் என்ன. சொந்தக் கதையை அங்கே கொட்டாதீர்கள். அப்புறம், வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்று ஆசைகாட்டும் மோசடிக்காரர்கள் அங்கே ஏராளம். எங்கள் குரூப்புக்குள்ளேயே இரண்டு பேர் நுழைந்தார்கள். லிங்க்கை வெளியே விட்டது எங்கள் தப்பு.

"முதல் ஹவர் கேன்சல்" போன்ற செய்திக்கு டெலிகிராம் உதவாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பாதிப் பேர் அதன் நோட்டிஃபிகேஷனை அணைத்து வைத்திருப்பார்கள். காலை ஏழரைக்குக் கல்லூரிப் பேருந்தில் நிற்பவன் பார்ப்பது வாட்ஸ்அப்பைத்தான்.

டிஸ்கார்ட் என்ற இன்னொரு அரட்டைச் செயலியை ஏன் விட்டாய் என்று கேட்பீர்கள். ஹேக்கத்தான் என்ற ஒரு புரோகிராமிங் போட்டிக்கு நாலு பேர் இரண்டு நாள் பயன்படுத்தியதோடு சரி. பாடத்துக்கு ஒரு சேனல் என்று பிரித்து வைப்பது பிடித்தது. 62 பேரை அங்கே கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்ததில்லை, அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

தங்கையிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தேன். "ஹெச்ஓடி வாட்ஸ்அப்னு சொல்லிட்டாரே அண்ணா" என்றாள். ஹெச்ஓடி என்றால் துறைத் தலைவர். வாட்ஸ்அப் அறிவிப்புக்கு மட்டும் இருக்கட்டும், அட்மின் தவிர யாரும் எழுத முடியாதபடி போட்டுவிடு. நோட்ஸுக்கு டெலிகிராமில் இன்னொன்று தொடங்கு, நம்பரை மறைக்கும் இடத்தை முதல் நாளே எல்லாருக்கும் காட்டிவிடு என்றேன். நேற்று அவள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் முதல் ஃபைல் ஏறியிருந்தது. பெயர்: "நியூ டாக்குமென்ட் 1". மறுபடி போன் போட வேண்டும்.