நரைத்துப்போன கருப்பு ட்ரிம்: எதைப் பூசலாம், எதற்கு யோசிக்க வேண்டும்

வண்டியின் வயதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதன் வெளிப்புறக் கருப்பு பிளாஸ்டிக் பாகங்கள், அதாவது ட்ரிம்தான். பாலிஷ் போட்டு பாடியைப் பளபளவென்று கொண்டுவந்துவிடலாம். ஆனால் பக்கத்திலேயே பம்பர் ஓரமும் வீல் ஆர்ச்சும் சைடு மிரர் மூடியும் சாம்பல் பூத்து நின்றால் அத்தனை உழைப்பும் எடுபடாமல் போகிறது.

இதை நாமே சரிசெய்ய அரை டஜன் வழிகளாவது உண்டு. எல்லாவற்றுக்கும் விளம்பரப் படம் ஒரே மாதிரிதான்: ஒரு பாதி வெளுப்பு, மறுபாதி கன்னங்கரேல். அந்தப் படத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் முதல் நாள் எதைப் பூசினாலும் கருப்பாகத்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு வழியையும் இரண்டு கேள்விகளால் அளக்கிறேன். அது கெடும்போது எப்படிக் கெடும்? கெட்ட பிறகு வேறொன்றைச் செய்ய இடம் விடுமா?

வெளுப்பு எங்கிருந்து வருகிறது

பெயிண்ட் அடிக்காத கருப்பு ட்ரிம் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன், அல்லது அதோடு ரப்பர் தன்மையுள்ள பொருள் சேர்த்த டிபிஓ. கருப்பு அதன் மேல் பூசப்பட்டதில்லை. கார்பன் பிளாக் என்னும் கரித்தூளைப் பிளாஸ்டிக்கோடு கலந்தே வார்க்கிறார்கள். புற ஊதாக் கதிரைத் தாங்க அந்தக் கரித்தூளும் உதவுகிறது. ஆனாலும் வருடக்கணக்கில் வெயில் காய்ந்தால் கதிரும் ஆக்சிஜனும் சேர்ந்து மேற்பரப்பின் நீண்ட மூலக்கூறு சங்கிலிகளை அறுத்துவிடுகின்றன. மேல்தோல் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளாகப் பிளந்து பொடியத் தொடங்குகிறது. வெளிச்சம் அந்த வெடிப்புகளில் பட்டு நாலாபுறமும் சிதறுவதைத்தான் நாம் சாம்பல் நிறமாகப் பார்க்கிறோம். அடியில் கருப்பு அப்படியேதான் இருக்கிறது.

அதனால் எதையும் வாங்குவதற்கு முன் கொஞ்சம் தண்ணீரை எடுத்து அந்த இடத்தில் தடவிப் பாருங்கள். நனைந்த பகுதி உடனே கருத்து, காயக் காய மறுபடி சாம்பலானால், வெடிப்புகளை நிரப்பினாலே நிறம் திரும்பிவிடும் என்று அர்த்தம். தண்ணீர் அந்த இடைவெளிகளில் புகுந்து வெளிச்சம் சிதறுவதைக் குறைக்கிறது. காய்ந்த கல் நனைந்தால் கருப்பதும் இதே காரணத்தால்தான். நனைந்த பிறகும் திட்டுத்திட்டாக வெளுப்பே தெரிந்தால், அல்லது விரலால் தேய்த்தால் கருப்புத் தூள் ஒட்டிக்கொண்டு வந்தால், மேல்தோல் நிறையவே அழிந்திருக்கிறது. நிறமில்லாத எந்தப் பூச்சும் அங்கே முழுசாகக் கைகொடுக்காது.

வெளுப்பு எல்லாமே வெயிலால் வந்ததும் இல்லை. பாடிக்குப் போட்ட வாக்ஸோ பாலிஷோ சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் பட்டுக் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாக உட்கார்ந்துகொள்ளும். கறை பெயிண்ட் ஓரமாக மட்டும் கோடு போட்டதுபோல் இருந்தால் அதுதான் காரணம். நல்ல கிளீனரும் மென்மையான பிரஷும் போதும், நிறத்தை மீட்கும் ரெஸ்டோரர் பூச்சு எதுவும் தேவைப்படாது.

டிரெஸ்ஸிங்: எளிது, ஆனால் தங்காது

சிலிக்கான் எண்ணெய் அடங்கிய டிரெஸ்ஸிங்தான் எல்லோரும் முதலில் கைநீட்டுவது. துணியில் ஊற்றித் துடைத்தால் நொடியில் கருப்பு. எண்ணெய் வெடிப்புகளில் நிறைந்து நிற்கிறது, அவ்வளவுதான். அது கெட்டியாவதும் இல்லை, பிளாஸ்டிக்கோடு பிணைவதும் இல்லை. அதனால் மழையிலும் ஷாம்பூவிலும் கரைந்துபோகிறது. சில நாள், அதிகபட்சம் சில வாரம். ஈரப்பசை இருக்கும்வரை தூசியையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கையோடு நிறையப் பூசிவிட்டால் முதல் மழையிலேயே கதவு மேல் எண்ணெய்க் கோடுகளாக வழியும்.

கெடும் விதத்தில் மட்டும் பார்த்தால் இது பரம சாது. கழுவினால் போய்விடும், பழைய நிலைக்கே வந்துவிடும். ஆனால் இரண்டாவது கேள்வியில்தான் மாட்டிக்கொள்கிறது. சிலிக்கான் துளி மிச்சம் இருந்தாலும் பின்னால் அடிக்கும் பெயிண்ட் அந்த இடத்தில் விலகி வட்ட வட்டக் குழிகளாக நிற்கும். இந்த ட்ரிம்முக்கு என்றைக்காவது பெயிண்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் இன்றிலிருந்தே சிலிக்கான் வேண்டாம்.

சமையலறை எண்ணெய்களைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றும் இல்லை. அவையும் அதே வெடிப்புகளை நிரப்புகின்றன, பிறகு பிசுபிசுத்து அழுக்கு சேர்க்கின்றன. ஆளி விதை எண்ணெயைச் சிலர் விரும்புவது அது காற்றில் காய்ந்து கெட்டியாவதால். ஆனால் அந்த எண்ணெயில் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். ஒரு பம்பருக்காக இந்த ஆபத்தை வீட்டுக்குள் கொண்டுவர நான் சம்மதிக்க மாட்டேன்.

ஹீட் கன்: கண்ணைக் கவரும் வழி

பார்க்க ஆசையாக இருப்பது இதுதான். சூடான காற்றை ஊதும் இந்தக் கருவியின் முனையைச் சில சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து மெதுவாக நகர்த்தினால், அது போன தடத்திலேயே சாம்பல் மறைந்து, ஈரம் பட்டதுபோல ஒரு கருப்புப் பட்டை விரிந்துகொண்டே வரும். பூச்சு இல்லை, காத்திருப்பு இல்லை. மேல்தோல் இளகி நுண்ணிய வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன.

ஆபத்தும் அதே இளகலில்தான் இருக்கிறது. பாலிப்ரோப்பிலீன் சுமார் 160 முதல் 170 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஹீட் கன்னின் காற்று 500 டிகிரிக்கு மேலும் போகக்கூடியது. கை ஓரிடத்தில் சற்றே நின்றாலும் சொரசொரப்பு உருகி வழுவழுப்பான ஒரு திட்டு விழும். அதை எந்தப் பூச்சாலும் மறைக்க முடியாது. ஓரங்களும், பின்னால் கிளிப் பிடிக்கும் மெல்லிய நாக்குகளும்தான் முதலில் வளையும். பக்கத்துப் பெயிண்ட் கொப்பளிக்கலாம், கண்ணாடி விரிசல் விடலாம். பார்க்கிங் சென்சார் பதித்த பம்பரில் இதைச் செய்யவே கூடாது. பழைய டிரெஸ்ஸிங் மிச்சம் இருந்தால் புகையும். சில வண்டிகளில் கருப்பாகத் தெரியும் பாகம் உண்மையில் பெயிண்ட் அடித்ததாக இருக்கும், சூடு பட்டால் அது உரிந்து வரும்.

இத்தனையையும் தாண்டி நன்றாகச் செய்தாலும், புதிதாக எதையும் நாம் சேர்க்கவில்லை. வெயிலிலிருந்து காக்கும் பொருள் ஏற்கெனவே குறைந்துபோன அதே பிளாஸ்டிக்கைத்தான் மறுபடி வெயிலில் நிறுத்துகிறோம். சில மாதங்களில் சாம்பல் திரும்பும், அப்போது மறுபடி சூடேற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் சொரசொரப்பு கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கும். கழற்றி வெளியே எடுக்க முடிகிற தடித்த பாகத்துக்கு மட்டும், அதுவும் மேலே ஏதாவது பாதுகாப்புப் பூச்சு போடப்போகிறீர்கள் என்றால் மட்டும் இதை ஏற்றுக்கொள்ளலாம்.

நிறமி ரெஸ்டோரரும் செராமிக்கும்: உண்மையான போட்டி இங்கேதான்

இரண்டையும் ஒரே அலமாரியில் ஒரே மாதிரி பாட்டிலில் வைத்திருப்பார்கள். வேலை செய்யும் விதம் வேறு.

நிறமி ரெஸ்டோரரில் கருப்புச் சாயமோ நிறமியோ இருக்கிறது. அது வெடிப்புகளை நிரப்புவதோடு போன நிறத்தையும் கொஞ்சம் திருப்பித் தருகிறது. அதனால்தான் தண்ணீர் சோதனையில் தோற்ற பிளாஸ்டிக்கிலும் இது எடுபடுகிறது. பூசும்போது தாராளமாக மன்னிக்கும். ஒரு இடத்தில் அதிகமாகிவிட்டால் துடைத்துச் சரிசெய்யலாம், விட்டுப்போன இடத்தில் மறுநாள் பூசலாம். கையுறை கட்டாயம், பெயிண்ட் ஓரத்தில் மாஸ்கிங் டேப்பும் கட்டாயம். விரலில் ஏறிய கருப்பு லேசில் போகாது.

செராமிக் ட்ரிம் கோட்டிங் நிறமில்லாதது. சிலிக்கா சார்ந்த பிசின் ஒரு கரைப்பானில் கலந்திருக்கும். கரைப்பான் ஆவியானதும் பிசின் கெட்டியாகி மெல்லிய படலமாக இறுகுகிறது. எண்ணெய்போல் கழுவினால் போகாது என்பதுதான் இதன் பலம். செராகோட் நிறுவனம் தன் ட்ரிம் துடைப்புத் துணிகளுக்கு 200 வாஷ் வரை உத்தரவாதம் சொல்கிறது. எவ்வளவு வெயில், எந்த சோப்பு, எப்படிக் கழுவுகிறோம் என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறும். ஆனாலும் டிரெஸ்ஸிங்கோடு ஒப்பிடவே முடியாத ஆயுள் என்பதில் சந்தேகமில்லை.

அந்த ஆயுளுக்கு ஈடாக அது நம்மிடம் கேட்பது சுத்தம். பிளாஸ்டிக் முழுக்கக் கழுவி, பிரஷால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். வெள்ளைத் துணியில் அழுக்கு வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். சொரசொரப்புக்குள்ளும் இணைப்பு இடுக்குகளிலும் தண்ணீர் ஒளிந்திருந்து, பூசிக்கொண்டிருக்கும்போதே வெளியே எட்டிப் பார்க்கும். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம், செராமிக் உரிகிறது, திட்டு விழுகிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்தக் கட்டத்தில் காட்டிய அவசரத்தால்தான் வருகின்றன. நிழலில், வண்டி குளிர்ந்திருக்கும்போது, சிறு சிறு பகுதியாகப் பூச வேண்டும். அதிகப்படியானதைச் சில நிமிடங்களுக்குள் துடைத்துச் சமன் செய்யாவிட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிய இடம் பளபளக்கும் கோடாக இறுகிப்போகும். பிறகு அந்தப் பாட்டிலில் குறிப்பிட்ட நேரம்வரை தண்ணீர் படாமல் காக்க வேண்டும்.

கெடும் விதத்தைப் பாருங்கள். நிறமி ரெஸ்டோரர் மெல்ல மெல்ல வெளிறும். ஒரு கோட் மேலே போட்டால் தீர்ந்தது. செராமிக் அதிகம் வெயில் படும் மேல்பக்கங்களில் முதலில் தேயும், பக்கவாட்டில் கருப்பாகவே நிற்கும். ஒரே பம்பரில் இரண்டு நிறம். மறுபடி சுத்தம் செய்து மேலேயே இன்னொரு கோட் பூசலாம் என்பது ஆறுதல். ஆனால் திட்டும் கோடுமாக இறுகிய படலத்தை எடுக்க வேண்டுமானால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். தேய்த்தால் சொரசொரப்பும் சேர்ந்து போகும்.

அதனால் என் முடிவு: தண்ணீர் பட்டதும் சீராகக் கருக்கும் பிளாஸ்டிக்குக்குச் செராமிக். கருக்காத, பொடிந்த பழைய பிளாஸ்டிக்குக்கு நிறமி ரெஸ்டோரர். வண்டி ரொம்பப் பழசு, இதுவரை எதையும் பூசிப் பழக்கமில்லை என்றால் யோசிக்காமல் நிறமியோடு தொடங்குங்கள். ஆயுள் குறைவுதான், ஆனால் அதில் நடக்கும் எந்தத் தவறும் நிரந்தரம் ஆவதில்லை.

பெயிண்ட்: ஒருவழிப் பாதை

பாலிப்ரோப்பிலீனில் எதுவும் லேசில் ஒட்டாது. அதன் பரப்பு ஆற்றல் அவ்வளவு குறைவு. சாதாரண ஸ்ப்ரே பெயிண்ட்டை நேரே அடித்தால் ஒரு நாள் பிரஷர் வாஷரில் தோல் உரிவதுபோல் வந்துவிடும். நடுவே ஒட்டுதலைக் கூட்டும் அடீஷன் புரமோட்டர் வேண்டும். இதற்குரியவற்றில் குளோரின் சேர்த்த பாலிஒலிஃபின் இருக்கும், பிளாஸ்டிக்கையும் பெயிண்ட்டையும் பிணைப்பது அதுதான். சுத்தம், ஸ்கஃப் பேட் என்னும் சொரசொரப்பான தேய்ப்பானால் லேசான உரசல், மறுபடி சுத்தம், புரமோட்டர் மெல்லியதாக, டின்னில் சொல்லியிருக்கும் நேரத்துக்குள் வளைந்து கொடுக்கும் ட்ரிம் பெயிண்ட். தடித்த ஒரு கோட்டைவிட மெல்லிய பல கோட்டுகள் நல்லது. இல்லாவிட்டால் சொரசொரப்பு அடைபட்டு பிளாஸ்டிக் போலவே தெரியாது. முடிந்தால் பாகத்தைக் கழற்றி வைத்து அடியுங்கள்.

நன்றாக வந்தால் இதைப்போல் சீரான நிறம் வேறெதிலும் கிடைக்காது. சொரசொரப்பு மழுங்கிப்போன, கீறல் விழுந்த பாகத்தைக் காப்பாற்ற இது ஒன்றே வழி. ஆனால் வீல் ஆர்ச்சில் ஒரு கல் தெறித்துப் பெயிண்ட் பெயர்ந்தால் அந்த ஓட்டையிலிருந்து உரிதல் தொடங்கும். அதன் பிறகு முழுவதையும் தேய்த்து எடுத்து மறுபடி அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. டிரெஸ்ஸிங்கோ செராமிக்கோ இனி அந்தப் பிளாஸ்டிக்குக்கு உதவாது. அதனால் இதை எப்போதும் கடைசியில் வைக்கிறேன்.

வினைல் ஸ்டிக்கர் ஒட்டுவது வழுவழுப்பான பட்டைகளுக்கு மட்டும். சொரசொரப்பில் அதன் பசைக்குப் பிடிமானம் கிடைக்காது. ஜன்னல் ஓர ரப்பர் பீடிங் இந்தக் கணக்கிலேயே சேராது. அது பெரும்பாலும் இபிடிஎம் ரப்பர், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பிக் கெட்டுவிடும். அதற்கு ரப்பருக்கென்று உள்ளதை மட்டும் பூசுங்கள். பால் பூத்ததுபோல் மங்கிய அலுமினியப் பட்டையிலும் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. அங்கே கெட்டது அலுமினியத்தின் மேல் உருவாக்கிய அனோடைஸ் என்னும் பாதுகாப்புப் படலம், அதைத் தேய்த்து நீக்கினால்தான் பாலிஷே ஏறும்.

வைப்பருக்குக் கீழே உள்ள கவுல் பேனல் மட்டும் தனிக்கதை. வெயில் நேராக விழுவது அதன் மேல், பக்கத்தில் எஞ்சின் சூடு வேறு. பல பழைய வண்டிகளில் அது மொறமொறவென்று ஆகிவிட்டிருக்கும், கழற்றும்போதே கிளிப்புகள் உடையும். விரலால் அழுத்தினால் நெளியாமல் விரிசல் சத்தம் கேட்டால் அதற்கு ரெஸ்டோரர் வாங்காதீர்கள், புதுப் பாகம் போடுங்கள். மாட்டுவதற்கு முன்பே அச்சில் வார்த்தபோது ஒட்டிவந்த வழவழப்பை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஒரு கோட் செராமிக் பூசிவிடலாம். ஓரங்களுக்கும் வைப்பர் துளையைச் சுற்றியும் கை தாராளமாக எட்டுவது பாகம் மேஜை மேல் இருக்கும்போதுதான்.