அழையா மேக்ரோ எந்த வாசலில் நுழைந்தது?

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலைக் கடைக்கு சி மொழியில் பில்லிங் நிரல் எழுதும் கல்லூரித் தம்பி கேட்டார்: "அண்ணே, சின்ன எழுத்துல லினக்ஸ்னு ஒரு இன்ட் வேரியபிள் வச்சேன். எண்ணுக்கு முன்னாடி பேரு வேணும்னு ஜிசிசி எரர் குடுக்குது. அந்த வரியில எண்ணே இல்லையே!"

இருக்கிறது. லினக்ஸ் கணினியில் ஜிசிசி கம்பைலர் அந்தப் பெயரை 1 என்று முன்கூட்டியே மேக்ரோவாக்கி வைத்திருக்கும்; அதாவது, கம்பைல் ஆகும் முன்பே அந்தப் பெயர் வரும் இடமெல்லாம் 1 என்று மாறிவிடும். யூனிக்ஸ் என்ற பெயரும் அப்படியே. மேக்ரோவுக்கு, இந்தத் தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டு வாசலுமாக நீளும் நம்ம ஊர் வீடு மாதிரி பல வாசல்: நிரலில் சேர்க்கும் ஹெடர் கோப்பு, கம்பைல் கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைல், கம்பைலரே.

பலரும் முதலில் கோப்புகளில் சொல் தேடும் கிரெப்பைத்தான் தேடி ஓடுவார்கள். மேக்ஃபைலில் மைனஸ் பெரிய டி ஆப்ஷன் கொடுத்து வந்ததோ கம்பைலருக்குள்ளேயே இருப்பதோ ஹெடர்களில் சிக்காது. மேக்ரோக்களை விரித்துக் காட்டச் சொல்லி ஜிசிசிக்கு மைனஸ் பெரிய ஈ போட்டால் பெயர் இருந்த இடத்தில் 1 உட்கார்ந்திருப்பது தெரியும். ஆனால் மேக்ரோவை உருவாக்கும் டிஃபைன் வரிகள் மறைந்துவிடும். எஸ்டிடிஐஓ ஹெடர் ஒன்றைச் சேர்த்தாலே சில நூறு வரிகளைப் புரட்ட வேண்டும். அந்தப் பெரிய ஈயோடு மைனஸ் சின்ன டி, பெரிய எம் சேர்த்தால் கடைசியில் உயிரோடிருக்கும் மேக்ரோக்களின் பட்டியல் வரும். காலிக் கோப்பைக் கொடுத்துக் கேட்டால் கம்பைலரின் சொந்தச் சரக்கு மட்டும். யார் என்று சொல்லும், எங்கிருந்து என்று சொல்லாது. எம்முக்குப் பதில் பெரிய டி போட்டால் டிஃபைன் வரியும், கோப்புப் பெயரும், வரி எண்ணும் சேர்ந்தே வரும். ஹெடருக்குள் ஹெடர் என்று ஆழமாகப் போகும் சிக்கலுக்கு இதுதான் சரி.

எனக்குப் பிடித்தது இதைவிட எளிது. எரர் வந்த வரிக்கு நேர் மேலே அதே பெயரை வேறு மதிப்போடு டிஃபைன் செய்யுங்கள். ஏற்கெனவே இருக்கிறதே என்று எச்சரித்து, பழையது இருக்கும் இடத்தையும் ஜிசிசியே சொல்லிவிடும்: ஹெடர் என்றால் வரி எண், மைனஸ் பெரிய டி என்றால் 'கமாண்ட் லைன்', தம்பியின் கேஸில் 'பில்ட் இன்'. வேலை முடிந்ததும் அந்த வரியை அழித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

மைனஸ் ஜி3 போட்டு கம்பைல் செய்து, பிழை தேட உதவும் ஜிடிபியில் 'இன்ஃபோ மேக்ரோ' கேட்டால் எந்த ஹெடர் எதற்குள் வந்தது என்ற சங்கிலியே கிடைக்கும். ஆனால் கம்பைலே ஆகாத நிரலுக்கு அது எதற்கு?

தீர்வு? மேக்ரோவை நீக்கும் அன்டெஃப் வரி போடலாம். சி மொழி ஸ்டாண்டர்டை சி17 என்று கறாராக வைத்தாலும் அந்த மேக்ரோ போய்விடும். கூடவே பிஓப்பன் போன்ற, யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான போசிக்ஸ் ஃபங்ஷன்களின் அறிவிப்பும் போய் வேறு எரர்கள் முளைக்கும். தம்பியை வேரியபிள் பெயரை மாற்றச் சொன்னேன்.