"டர்போ மட்டும் மாத்தினா போதும்"னு சொன்னா வண்டிய கொடுத்துடாதீங்க – என் பழைய பெஜோ 307 பட்ட பாடு

நம்மகிட்ட இருக்கறது 2006 மாடல் பெஜோ 307 எஸ்டபிள்யூ, 1.6 எச்டிஐ டீசல், 109 குதிரை சக்தி இன்ஜின். மூணு பசங்க, அம்மா, நாங்க ரெண்டு பேர், எல்லாரும் ஒரே வண்டியில போகணும்னா இத விட்டா எனக்கு வேற வழி தெரியல. பின்னாடி சீட்டெல்லாம் தனித்தனியா கழட்டி எடுத்துடலாம், மேல முழுக்க கண்ணாடி, பசங்க மல்லாந்து படுத்து வானத்த பாத்துட்டே வருவாங்க. 1,40,000 கி.மீ.ல வாங்கினேன், இப்போ 3 லட்சம் தாண்டியாச்சு. இத எழுதறது வண்டிய குறை சொல்ல இல்ல, வண்டிய வச்சு என்னை ஏமாத்தின ஒரு ஒர்க்‌ஷாப்ப பத்தி. பேர் போடல, யாரும் கேக்காதீங்க. பேர் முக்கியமில்ல, அவங்க செஞ்ச வேலை எந்த ஊர்லயும் எந்த ஒர்க்‌ஷாப்லயும் நடக்கலாம்.

முதல்ல என் தப்ப சொல்லிடறேன். ஆறு மாசமா காலையில ஸ்டார்ட் பண்ணினா "சக்... சக்... சக்"னு ஒரு சத்தம், ஏசி போட்டா உள்ள லேசா புகை வாடை. இன்ஜின் மேல இருக்கற பிளாஸ்டிக் மூடிய தூக்கி பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள்ள டீசல பீச்சற சாமான்) அடியில ஒரு சின்ன செப்பு வாஷர் இருக்கும், இவ்வளவு ஓடின வண்டியில அது கசியறது தேய்மானம்தான், டயர் தேயற மாதிரி. ஆனா கசிய ஆரம்பிச்சா அந்த புகை அப்படியே இன்ஜெக்டர சுத்தி தார் மாதிரி கட்டி போயிடும், இன்ஜின் ஆயிலும் சீக்கிரம் கரி புடிச்சு கெட்டியாயிடும். நான் "பழைய டீசல்னா சத்தம் இருக்கத்தானே செய்யும்"னு விட்டுட்டேன்.

2,81,000ல ஒரு நாள் மேட்டுல ஏறும்போது விசில் மாதிரி ஒரு சத்தம், பின்னாடி நீலப் புகை, ஆக்சிலேட்டர் மிதிச்சா வண்டி நகரவே இல்ல. ஒர்க்‌ஷாப்ல விட்டேன். பத்து நிமிஷத்துல "டர்போ போச்சு சார்"னு சொல்லிட்டாங்க. அது சரிதான், டர்போ (இன்ஜினுக்குள்ள காத்த அழுத்தி அனுப்பற விசிறி) போயிருந்தது நிஜம். ஏன் போச்சுன்னு நான் கேட்டேன். "பிரெஞ்சு கார் சார், இவ்வளவு ஓடிட்டா இப்படித்தான்."

இந்த ஒரு வார்த்தைய நல்லா கவனிங்க. இதுக்கு பின்னாடி எத வேணா ஒளிச்சு வைக்கலாம். பழைய ஜப்பான் வண்டிக்கு டர்போ போனா காரணம் தேடறவங்க, நம்ம வண்டிக்கு மட்டும் ஊர் பேர காரணமா சொல்லிட்டு போயிடுவாங்க. (இந்த இன்ஜினே பெஜோ-சித்ரோயன் குழுமமும் ஃபோர்டும் சேர்ந்து செஞ்சது, ஃபோர்டு ஃபோகஸ்லயும் மாஸ்டா 3லயும் இதே இன்ஜின்தான் வந்துச்சு, அவங்க கிட்ட போய் என்ன சொல்வாங்கன்னு தெரியல.)

பில்லுல என்னென்ன இருந்துச்சுன்னு சொல்றேன்: ரீகண்டிஷன் பண்ணின டர்போ, புது ஆயில் ஃபீட் பைப் (டர்போவுக்கு ஆயில் கொண்டு போறது), இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், இன்டர்கூலர் (டர்போ அனுப்பற சூடான காத்த ஆற வைக்கறது) கிளீனிங். பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. கழட்டின பாகம் எங்கன்னு கேட்டேன், "குப்பைக்கு போயிடுச்சு சார், நேத்தே எடுத்துட்டு போயிட்டாங்க". நானும் தலையாட்டிட்டு வந்துட்டேன்.

மூணு வாரம். 1,800 கி.மீ. மறுபடி விசில், மறுபடி புகை.

இப்போ அவங்க பேச்சு மாறிடுச்சு. டர்போவுக்கு வாரன்ட்டி இருக்கு, ஆனா ஆயில் சரியா வராம போயிருக்கு, அதனால வாரன்ட்டி செல்லாது, நீங்க ஓட்டின விதம் அப்படி. ஆயில் வரலன்னு அவங்களே சொல்றாங்க, ஆயில் வர்ற பைப்ப புதுசா போட்டோம்னு பில்லும் அவங்களே போட்டிருக்காங்க, ரெண்டும் எப்படி சரியாகும்னு அப்போ எனக்கு கேக்க தோணல. அவசரம், ஸ்கூல் தொறந்தாச்சு, வீட்டுல வேற வண்டி இல்ல. இன்னொரு டர்போவுக்கும் பணம் கட்டினேன்.

ரெண்டாவது டர்போ ஒன்பது நாள் ஓடுச்சு. அது போன விதத்த மட்டும் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா இது யாருக்கு வேணா நடக்கலாம். நான் தனியாத்தான் இருந்தேன், நல்ல வேளை. சிக்னல்ல நிக்கறேன், கால் ஆக்சிலேட்டர்லயே இல்ல, இன்ஜின் தானா ரேஸ் ஆகுது. 2,000, 3,000, 4,000னு ஏறிட்டே போகுது, பின்னாடி ரோடு முழுக்க வெள்ளைப் புகை, ஹாரன் அடிக்கறாங்க. சாவிய ஆஃப் பண்ணினேன், நிக்கல! சாவி கையில இருக்கு, இன்ஜின் கத்திட்டு இருக்கு. டர்போ சீல் உடைஞ்சு இன்ஜின் ஆயில் காத்தோட சேர்ந்து உள்ள போனா டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரிச்சு ஓட ஆரம்பிச்சிடும், டீசல நிறுத்தி பிரயோஜனமே இல்ல. மேனுவல் கியர் வண்டியா இருந்தா அஞ்சாவது கியர போட்டு, பிரேக்க முழு பலத்தோட மிதிச்சுட்டு, கிளட்ச்ச விட்டுடணும், இன்ஜின் திணறி நின்னுடும். எப்பவோ ஒருத்தர் சொன்னது அந்த நேரத்துல ஞாபகம் வந்துச்சு, அதனாலதான் இன்ஜின் தப்பிச்சுது. நிக்காம ஓடிட்டு இருக்கற இன்ஜினுக்கு முன்னாடி பானட்ட திறந்துட்டு தலைய நீட்டாதீங்க, தூரப் போயிடுங்க.

டோ பண்ணி அதே ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போச்சு. பாத்துட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? "இன்ஜினே போச்சு சார், இனிமே செலவு பண்ணாதீங்க, வேணும்னா பழைய இரும்பு விலைக்கு நாங்களே எடுத்துக்கறோம், உங்களுக்கு உதவியா இருக்கட்டும்னு." அந்த "உதவி"தான் என்னை முழிக்க வச்சுது. புதுசா போட்ட டைமிங் பெல்ட் (அத 2,30,000லயே மாத்திட்டேன், இந்த இன்ஜினுக்கு புத்தகத்துல 2,40,000 கி.மீ. அல்லது 10 வருஷம்), நாலு நல்ல டயர் எல்லாம் இருக்கற வண்டிய இரும்பு விலைக்கு எதுக்கு ஆசையா கேக்கறாங்க?

வண்டிய எடுத்துட்டு ஒரு பெரியவர் கிட்ட போனேன். தனி ஆளா வேலை பாக்கறவர், சித்ரோயன் சான்டியா (1990கள்ல வந்த பிரெஞ்சு கார்) காலத்துல இருந்தே இந்த வண்டிங்கதான் அவருக்கு. சான்டியா சஸ்பென்ஷனுக்கு பச்சைக் கலர்ல எல்எச்எம்னு ஒரு மினரல் ஆயில் ஊத்தணும், தெரியாதவங்க சாதா பிரேக் ஆயில ஊத்தி அத்தன ரப்பர் சீலையும் நாசம் பண்ணி அனுப்புவாங்க, அத சரி பண்ணியே பாதி வாழ்க்கை போச்சுன்னு சிரிப்பார். டர்போவ தொடவே இல்ல அவர். முதல்ல பிளாஸ்டிக் மூடிய தூக்கினார். நாலு இன்ஜெக்டர்ல ரெண்டு கரிக்குள்ள புதைஞ்சு கிடந்துச்சு. "வாங்க தம்பி, இங்கதான் கதை ஆரம்பம்"னார்.

அப்புறம் ஆயில் ஃபீட் பைப். பில்லுல "புதுசு". கையில எடுத்தா உள்ள கரி கெட்டியா அப்பி, ஊசி நுழையற அளவுக்குத்தான் ஓட்டை. அந்த பைப்ப புடிச்சிருக்கற போல்ட்டுக்குள்ள ஒரு குட்டி சல்லடை இருக்கும், அது சுத்தமா அடைஞ்சிருந்துச்சு. சம்ப்ப (இன்ஜின் அடியில ஆயில் தேங்கற தொட்டி) இறக்கினார், ஆயில் பம்ப் உறிஞ்சற இடத்துல இருக்கற வலையிலயும் அதே கரி. இன்டர்கூலர கவுத்தார், ஒரு பெரிய டம்ளர் நிறைய ஆயில், அதுல முதல் டர்போவோட அலுமினிய துணுக்கு பளபளன்னு. "கிளீனிங்"னு போட்டு பணம் வாங்கின இன்டர்கூலர்.

"டர்போ சாகல தம்பி, பட்டினி போட்டு கொன்னிருக்காங்க"னார் பெரியவர். நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம் சுத்துக்கு மேல போற சாமான் அது, தாங்கி நிக்கறது வெறும் ஆயில் படலத்து மேலதான். அந்த ஆயில் வழிய அடைச்சு வச்சுட்டு எத்தன டர்போ போட்டாலும் இதே கதிதான்.

எனக்கு கடைசியா பத்திக்கிட்டது ஆயில் ஃபில்டர பாத்தப்போதான். இந்த இன்ஜின்ல ஃபில்டர் டப்பா மாதிரி வெளிய இருக்காது, மூடிக்குள்ள போடற பேப்பர் ஃபில்டர். நான் வீட்டுல ஆயில் மாத்தும்போது ஃபில்டரோட ஓரத்துல ஆணியால கி.மீ. கீறி வைக்கறது வழக்கம், மறந்துடக்கூடாதுன்னு. பெரியவர் மூடிய திறந்து வெளிய எடுத்தார். ஓரத்துல "276". என் கையெழுத்து. ரெண்டு தடவை பில்லுல வந்த ஆயில் ஃபில்டர் 2,76,000ல நானே போட்டது!

சரி, இப்போ வேலை எப்படி நடந்துச்சுன்னு சொல்றேன், உங்க மெக்கானிக்க கேக்க உதவும். நாலு இன்ஜெக்டரையும் கழட்டி, உக்கார்ற இடத்த அதுக்குன்னு இருக்கற கட்டர் போட்டு சுத்தமாக்கி, புது செப்பு வாஷர், புது போல்ட். சம்ப், வலை எல்லாம் கழுவி, ஆயில் வர்ற பைப்பும் திரும்பற பைப்பும் நிஜமாவே புதுசு, சல்லடை இல்லாத போல்ட். இன்டர்கூலர் கழட்டி கழுவினார். டர்போ போட்டுட்டு ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அதுக்குள்ள கையால ஆயில் விட்டு, டீசல் போகாம இன்ஜின சும்மா சுத்த விட்டு பிரஷர் ஏத்தினார். அப்புறம் திரும்பற பைப்ப கழட்டி ஒரு பாட்டில்ல விட்டு, ஆயில் எவ்வளவு வருதுன்னு என் கண்ணு முன்னாடி பாத்தார். இந்த ஒரு சோதனைய முதல் நாளே செஞ்சிருந்தா ரெண்டு டர்போ மிஞ்சியிருக்கும். ஆயில்ல குளிச்சிருந்த டீசல் பார்ட்டிகுலேட் ஃபில்டரையும் (சைலன்சர் புகையில இருக்கற கரிய புடிக்கறது) இறக்கி சுத்தம் பண்ண வேண்டி வந்துச்சு, முந்தின இடத்துல அத உடைச்சு காலி பண்ணிடலாம்னு வேற சொல்லியிருந்தாங்க, நல்ல வேளை ஒத்துக்கல. 500 கி.மீ. ஓட்டிட்டு மறுபடி ஆயிலும் ஃபில்டரும் மாத்த சொன்னார், மிச்சம் இருக்கற கரி வெளிய வரட்டும்னு. அந்த ஃபில்டர வெட்டி காட்டினார், உள்ள கறுப்பு மணல் மாதிரி.

புத்தகத்துல 20,000 கி.மீ.க்கு ஒரு தடவை ஆயில்னு இருக்கும், அது புது வண்டிக்கு. இந்த இன்ஜின்ல மொத்த ஆயிலே 3.75 லிட்டர்தான், நான் இப்போ 8,000லயே மாத்திடறேன், சூட்டோட வடிய விட்டுட்டு டீ குடிச்சுட்டு வருவேன். கழட்டின பாகத்த ஒரு டப்பாவுல போட்டு வைக்கணும்னு வண்டிய விடும்போதே சொல்லிடறேன், முடிஞ்சப்புறம் கேட்டா எல்லாமே குப்பைக்கு போயிருக்கும்.

ஃபில்டரையும் பைப்பையும் ஒரு கவர்ல போட்டு பழைய ஒர்க்‌ஷாப்புக்கு கொண்டு போனேன், ரெண்டு பில்லோட. ஓனர் முதல்ல, "இது நாங்க போட்டதுன்னு எப்படி சொல்றீங்க?"ன்னார். "நீங்க போட்டதுன்னு நான் சொல்லவே இல்லியே, நான் போட்டதுன்னுதான் சொல்றேன்"னு சொல்லி 276ஐ காட்டினேன். ஃபில்டர திருப்பி திருப்பி பாத்தார், பையன கூப்பிட்டு சத்தம் போட்டார், எல்லாம் என் முன்னாடி நாடகம். கடைசியில ரெண்டாவது பில் முழுசும், முதல் பில்லுல பைப், ஃபில்டர், ஆயில், கிளீனிங்குக்கு வாங்கினதும் திரும்ப கொடுத்தார். கூலியும் முதல் டர்போவும் போச்சு. கவர அங்கேயே விட்டுட்டு போங்கன்னு ரெண்டு தடவை கேட்டார். கொடுக்கல, இப்பவும் என் டிக்கியிலதான் இருக்கு.