ஆட்டோ நிற்கும் இடத்திலிருந்து மேடை வரை: சின்ன டிரம் செட்களில் எது நமக்கு?

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி போன வாரம் போன் செய்தார். "அண்ணா, ஞாயித்துக்கிழமை சர்ச்சுல வாசிக்கிறேன். இப்போ ரிசப்ஷன் கச்சேரிக்கும் கூப்புடுறாங்க. கையில அறுபதாயிரம் இருக்குது. வண்டின்னா பைக்குதான். எந்த செட்டு வாங்கறது?"

போனில் ஒரு வரியில் சொல்லி முடிக்கிற விஷயமாக இது எனக்குப் படவில்லை. வேலூரைச் சுற்றிப் பல வருடங்களாக வாசித்து வருகிறேன். சொந்தக் காசிலும் கடன் காசிலும் மூன்று செட் மாற்றிவிட்டேன். அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

மரம் என்ன, எத்தனை அடுக்கு, மேல் பூச்சு என்ன என்பதெல்லாம் அப்புறம். நம் ஊரில் முதலில் கேட்க வேண்டியது வேறு: வண்டி நிற்கும் இடத்திலிருந்து மேடை வரை, ஒரே ஆளாக, எத்தனை நடை? நான் எல்லா செட்டையும் இந்த அளவுகோலால்தான் அளக்கிறேன். அதற்குக் காரணம் குடியாத்தத்தில் ஒரு நாள் நடந்தது. கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நேரம், வைகாசி மாத வெயில். கச்சேரி நடக்கும் தெருவுக்குள் எந்த வண்டியும் நுழைய முடியாத கூட்டம். குட்டி யானையை வெகு தூரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். என்னிடம் அப்போது இருந்தது 22 இஞ்ச் கிக் (காலால் பெடலை மிதித்து வாசிக்கும் பெரிய டிரம்) உள்ள, ஐந்து டிரம் சேர்ந்த ஒரு செட். ஆறு நடை நடந்தேன். மேடையில் உட்கார்ந்தபோது மணிக்கட்டு நடுங்கியது, முதல் மூன்று பாட்டுக்குக் கை சொன்ன பேச்சு கேட்கவில்லை. பணம் கொடுத்துக் கூப்பிட்டவர்களுக்கு நான் நன்றாக வாசிக்கவில்லை என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

அதே தெருவில் பம்பைக்காரர்கள் இருந்தார்கள். ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டிய இரட்டை மேளத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு, நடந்துகொண்டே வாசித்தார்கள். இந்த மண்ணின் வாத்தியம் இந்தத் தெருக்களின் அகலம் தெரிந்து உருவானது. நம் டிரம் செட் அப்படி இல்லை, அதைத் தெருவுக்கு ஏற்றபடி நாம்தான் சுருக்க வேண்டும்.

சரி, எதிரெதிரே நிற்பவை எவை?

முதலில் பேட், அதாவது தட்டி வாசிக்கும் எலக்ட்ரானிக் ரிதம் பெட்டி. ரோலண்ட் நிறுவனம் முதல் ஆக்டபேடை 1985-ல் கொண்டுவந்தது. எட்டு ரப்பர் பரப்பு, இன்றைய மாடல்களில் உள்ளேயே தபேலா, டோலக், டிரம்ஸ் எல்லாம். இன்று நம் பக்கத்து ஆர்கெஸ்ட்ராக்களில் ரிதம் என்றாலே பேட்தான். எஸ்பிடி-20, எஸ்பிடி-30 என்று மாடல் எண்ணைச் சொல்லியே ஆளைக் கூப்பிடுகிறார்கள். நடைக் கணக்கில் இதை வெல்ல எதுவும் கிடையாது: தோளில் ஒரு பை, கையில் ஒரு ஸ்டாண்ட், ஒரே நடை. சினிமாப் பாட்டு மட்டும்தான் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் மேலே படிக்க வேண்டாம், பேட் வாங்குங்கள். ஒரு பாட்டில் உடுக்கையும் அடுத்த பாட்டில் டிஸ்கோ பீட்டும் கேட்பார்கள், அதை டிரம் செட்டால் கொடுக்க முடியாது.

ஆனால் பேட் வாசிப்பவரின் சத்தம் அவர் கையில் இல்லை, மைக் செட்காரர் கையில் இருக்கிறது. மானிட்டர் ஸ்பீக்கர் உங்கள் பக்கம் திரும்பாவிட்டால் நீங்கள் வாசிப்பது உங்களுக்கே கேட்காது. ஜெனரேட்டர் நின்றால் நீங்களும் நின்றீர்கள். சர்ச்சில் ஒரு ஞானப்பாட்டின் கடைசிச் சரணத்தை மெல்லத் தாழ்த்தி வாசிக்க வேண்டியிருக்கும், அங்கே ரப்பர் பரப்பு விரலுக்குப் பதில் சொல்வதில்லை. இன்னொன்று, நல்ல பேட் ஒன்றின் விலையில் ஒரு சின்ன டிரம் செட்டே வந்துவிடும். மலிவு என்று நினைத்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மெஷ் தலை (தலை என்றால் குச்சி படும் மேல் பரப்பு, இதில் அது வலை) போட்ட எலக்ட்ரானிக் செட் வீட்டுப் பயிற்சிக்கு அருமை, அதுவும் மாடி வீட்டுக்காரர்களுக்கு. கச்சேரிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பேடின் மின்சாரக் கவலையும் டிரம் செட்டின் சுமையும் இரண்டும் சேர்ந்தே வரும். இருட்டில் ஒரு வயர் மாற்றிச் செருகினால் டாம் டிரம் இருக்க வேண்டிய இடத்தில் சிம்பல் (உலோகத் தட்டு) கேட்கும்.

கஹோன், பெரு நாட்டிலிருந்து வந்த மரப்பெட்டி. அதன் மேலேயே உட்கார்ந்து வாசிக்கலாம். டிசம்பர் மாதம் வீடு வீடாகக் கேரல் போகும்போது இதை விடச் சிறந்த துணை இல்லை. இருநூறு நாற்காலி போட்ட மண்டபத்துக்குப் போதாது.

இனி உண்மையான போட்டி: சின்ன அளவு அக்கூஸ்டிக் செட்கள், அதாவது மின்சாரம் தேவையில்லாதவை.

லட்விக் ப்ரேக்பீட்ஸ் 2013-ல் வந்தது. தி ரூட்ஸ் இசைக்குழுவின் டிரம்மர் குவெஸ்ட்லவ், நியூயார்க்கின் நெரிசலான சின்ன மேடைகளை மனதில் வைத்து லட்விக்குடன் சேர்ந்து வடிவமைத்தார். கிக் 16 இஞ்ச் அகலம், 14 ஆழம். டாம் (கிக்குக்கு மேலே நிற்கும் சின்ன டிரம்) 10, ஃப்ளோர் டாம் (தரையில் நிற்கும் டாம்) 13, ஸ்னேர் (அடியில் கம்பி கட்டிய, கூர்மையாகக் கேட்கும் டிரம்) 14. பாப்லர் மரம். கிக் சின்னது என்பதால் பெடலின் சுத்தியல் நடுவுக்கு மேலே போய் அடிக்கும், அதைச் சரிசெய்ய கிக்கைத் தூக்கி நிறுத்தும் ஒரு ரைசரும் கூடவே தருகிறார்கள். பைகளும் வரும். வீட்டில் வாசிக்கும்போது அதே பைகளை டிரம் மேல் போட்டால் சத்தம் அடங்கும், வாடகை வீட்டுக்காரர்களுக்கு இது பெரிய விஷயம்.

பேர்ல் மிட்டவுன் கிட்டத்தட்ட அதன் தம்பி: 16-க்கு 14 கிக், 10 டாம், 13 ஃப்ளோர் டாம், இதுவும் பாப்லர். முக்கிய வித்தியாசம் ஸ்னேர், இதில் 13 இஞ்ச். காகிதத்தில் ஒரு இஞ்ச் அற்பமாகத் தெரியும். எனக்கு அற்பமில்லை. சனிக்கிழமை மாலை ஸ்னேர் தலை கிழிந்தால் 14 இஞ்ச் தலை பக்கத்து ஊர்க் கடையிலோ நண்பர் வீட்டிலோ கிடைக்கும். 13-க்கு ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

டாமா கிளப்-ஜாம் வேறு வழியில் போகிறது. கிக் 18 இஞ்ச் அகலம், ஆனால் ஆழம் 12 மட்டுமே. டாம் 10, ஃப்ளோர் டாம் 14 அகலம் 7 ஆழம், ஸ்னேர் 13. மெர்சாவா, பாப்லர் இரண்டு மரமும் கலந்த ஓடு (டிரம்மின் உருளை உடல்). ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள், இதுதான் எனக்குப் பிடித்த புத்தி.

யமஹா ஸ்டேஜ் கஸ்டம் ஹிப் அந்தப் புத்தியை எல்லை வரை கொண்டுபோனது: கிக் 20 இஞ்ச், ஆழம் வெறும் 8. ஃப்ளோர் டாமின் அடியில் ஸ்னேர் கம்பி இருக்கிறது, தட்டினால் இரண்டாவது ஸ்னேர். பிர்ச் மரம், கூர்மையான சத்தம். ஆட்டோவில் முழங்காலுக்கு முன்னால் செங்குத்தாக நிறுத்தலாம். இந்த நால்வரில் என் மனதைக் கவர்ந்தது இதுதான். அறுபதாயிரத்துக்குள் சிம்பல் வரை முடிக்க வேண்டியவருக்கு மட்டும் நான் இதைச் சொல்ல மாட்டேன்.

கிக் 16 இஞ்ச்சா 18-ஆ என்பதில் தம்பி குழம்பியிருந்தார். கணக்கைப் பாருங்கள். காற்றைத் தள்ளுவது தலையின் பரப்பு. 22 இஞ்ச் தலையின் பரப்பு 16 இஞ்ச்சைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 18 இஞ்ச், 16-ஐ விடக் கால் பங்குக்கு மேல் பெரியது. அகலத்தில் இரண்டு இஞ்ச்தான், அடிவயிற்றில் தட்டுகிற அந்த 'தும்' சத்தத்தில் அது தெரியும். நம் பழைய கல் சர்ச்சுகளில் கூரை உயரம், சுவர் சத்தத்தைத் திருப்பித் தரும், அங்கே 16 தாராளம். 22 கொண்டுபோனால் பாடகர் குழுவை மூழ்கடித்துவிடும். ஆடி மாதக் கூழ் வார்க்கும் திருவிழாவில் திறந்த வெளி மேடை என்றால் திருப்பித் தரச் சுவரே இல்லை. அங்கே 16 இஞ்ச் கிக்கை மைக் இல்லாமல் வாசித்தால் ஃப்ளோர் டாமைக் காலால் உதைப்பது போலத்தான் கேட்கும். ஆரணியில் ஒரு மைக் செட் அண்ணன் ஒரே பாட்டு கேட்டுவிட்டு வந்து சொன்னார்: "இன்னாபா, கிக்கு கீழ கேக்கவே இல்ல. இரு, ஒரு மைக் தரேன்." அவரிடம் மிச்ச மைக் இருந்தது என் அதிர்ஷ்டம். எல்லா இடத்திலும் இருக்காது. பாட்டுக்கு நாலு, நாதஸ்வரத்துக்கு ரெண்டு என்று பிரித்த பிறகு கிக்குக்கு ஒன்றும் மிஞ்சாத மேடைகளில்தான் நாம் பாதி நாள் வாசிக்கிறோம். ஆகவே என் ஓட்டு 18-க்கு.

இனி கடைக்காரர் சொல்லாத பகுதிக்கு வருகிறேன். மேலே சொன்ன செட்கள் பெரும்பாலும் ஷெல் பேக்காகத்தான் விற்கப்படுகின்றன. அதாவது டிரம் மட்டும். சிம்பல், ஸ்டாண்ட், பெடல், ஸ்டூல் எதுவும் உள்ளே இருக்காது. சின்ன செட் வாங்கிவிட்டோம் என்ற சந்தோஷத்தில் கனமான இரட்டைக் கால் ஸ்டாண்ட் நான்கை ஒரு பையில் போட்டால், அந்தப் பை ஒன்றே மொத்த டிரம்மையும் விடக் கனக்கும். நான் இதைச் செய்தேன். கிக்கை 22-லிருந்து 18-க்கு இறக்கியும் நடை ஆறிலிருந்து ஐந்துக்குத்தான் குறைந்தது. ஸ்டாண்டை மாற்றிய பிறகுதான் மூன்றானது.

ஒற்றைக் கால் ஸ்டாண்ட் போதும். யமஹாவின் கிராஸ்டவுன் வரிசை அலுமினியம், நாலு ஸ்டாண்ட் சேர்ந்து 10 கிலோவுக்குள் அடங்கும், ஆனால் விலை கூட. கால் தரையோடு தட்டையாக விரியும் பழைய பாணி ஸ்டாண்டும் இலேசு, ஒரு எச்சரிக்கையோடு: நம் ஷாமியானா மேடைகள் பலகை அடுக்கியவை, குத்துப் பாட்டுக்கு நாலு பேர் மேடையேறி ஆடினால் சிம்பல் சாய்ந்துவிடும். ஒரு காலை ஜமுக்காளத்துக்கு அடியில் செருகி மேலே பெடல் பையை வையுங்கள். ஜமுக்காளம் எப்படியும் வேண்டும், இல்லாவிட்டால் இலேசான கிக் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் நகர்ந்து ஓடும்.

சிம்பலில் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். நம் வீட்டுப் பித்தளைக் குடத்தையும் கோயில் வெண்கல மணியையும் தட்டிப் பார்த்தவருக்கு விளக்கம் தேவையில்லை. மலிவுப் பெட்டி சிம்பல்கள் பித்தளை, தாமிரமும் துத்தநாகமும். சத்தம் 'டங்' என்று எழுந்து உடனே செத்துவிடும். அடுத்த படி பி8 வெண்கலம்: நூற்றுக்கு 92 பங்கு தாமிரம், 8 பங்கு வெள்ளீயம். உச்சப் படி பி20, வெள்ளீயம் 20 பங்கு. முழு செட்டும் பி20 வாங்கப் பணம் இல்லாவிட்டால் பரவாயில்லை, பி8-ல் 14 இஞ்ச் ஹை-ஹாட் (காலால் மூடித் திறக்கும் சிம்பல் ஜோடி), 18 அல்லது 20 இஞ்ச்சில் ஒரே ஒரு சிம்பல், இரண்டு போதும். சாதாரண பாப்லர் ஓட்டை நல்ல தலை போட்டு டியூன் செய்து பேச வைக்கலாம். பித்தளை சிம்பலை எந்த டியூனிங்கும் காப்பாற்றாது.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. மே மாதத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும், மூடிய வண்டிக்குள் இன்னும் கூடும். என் முதல் செட்டை ஒரு பகல் முழுக்க வண்டியில் விட்டு, மேலே ஒட்டிய பிளாஸ்டிக் உறை பசை விட்டுக் கொப்புளம் போட்டது. பிளாஸ்டிக் உறையை விட, மரத்தின் மேல் நேராக வார்னிஷ் அடித்த செட் கிடைத்தால் அதை எடுங்கள்.

தம்பிக்கு நான் சொன்ன பதில் இதுதான். புது ஷெல் பேக் வேண்டாம், அறுபதாயிரத்தில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். பயன்படுத்திய 18 இஞ்ச் செட் தேடுங்கள்: கிளப்-ஜாம் அல்லது யமஹா ஸ்டேஜ் கஸ்டம் பாப் செட் (18 கிக், 12 டாம், 14 ஃப்ளோர் டாம், பிர்ச்). முப்பதுக்குள் முடியுங்கள். இருபது சிம்பலுக்கு. பத்து ஸ்டாண்டுக்கும் பெடலுக்கும், அதையும் பழசாக. பெரிய கல்லூரி விழா என்றால் மேடையில் செட் ஏற்கெனவே இருக்கும். ஸ்னேர், சிம்பல், பெடல் மட்டும் பைக்கில் எடுத்துப் போகலாம். மற்ற நாட்களுக்கு ஷேர் ஆட்டோவில் பின் சீட் போதும், மூன்று நடை. 1989-ல் ஒரு முறை பிரிந்து, 2019-ல் மறுபடி பிரிந்த பழைய வட ஆற்காடு முழுக்க, திருப்பத்தூரிலிருந்து செய்யாறு வரை, இந்த ஒரு செட்டோடு சுற்றலாம்.

பழைய செட் வாங்கும்போது தலையைக் கழற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. தயங்கினால் அந்த செட் வேண்டாம். கழற்றிய ஓட்டைச் சமையலறைக் கிரானைட் மேடை போன்ற சமமான கல்லில் கவிழ்த்து, உள்ளே டார்ச் அடித்து, விளிம்பில் வெளிச்சம் கசிகிறதா பாருங்கள். கசிந்தால் விளிம்பு தேய்ந்திருக்கிறது, அந்த டிரம் டியூனில் நிற்காது. தலையைத் திருப்பி வைத்துச் சுழற்றுங்கள், எங்காவது சிக்கினால் ஓடு வட்டம் தப்பியிருக்கிறது. ஒவ்வொரு போல்ட்டையும் விரலாலேயே திருகிப் பாருங்கள். கிக்கின் முன்கால்கள் இறுகப் பிடிக்கின்றனவா என்று உட்கார்ந்து அழுத்திப் பாருங்கள்.

வாலாஜாவில் ஒரு 18 இஞ்ச் செட் விலைக்கு இருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இருவரும் போகிறோம். டார்ச்சும் டிரம் சாவியும் நான் எடுத்து வருகிறேன், பெடலை மட்டும் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.